சூட்டைப் படம் பிடிச்சுக் காட்டினால்தான் நம்புவீங்களா?

போன மாத வாசிப்பு வட்டத்தில் புத்தகத்தைப் பற்றிக் கதைத்தது அரை மணித்தியாலம்கூட இராது. மிச்ச நேரம் முழுக்க ஒரு படத்தைப் பற்றித்தான் சண்டை. எங்களில் ஒருத்தி அதை ஃபோனில் காட்டினாள். ஒரு பெண்ணின் உடம்பு. முகமும் தெரியாது, தோலும் தெரியாது, வெறும் நிறங்கள். நெஞ்சுப்பக்கம் சிவப்பு, வயிற்றில் மஞ்சளும் பச்சையும், விரல் நுனிகள் நீலம். வெப்பக் கமராவால் எடுத்த படம். மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் வருகிற தொல்லையை, பீ.எம்.எஸ். என்று சொல்கிறோமே, அதை இப்படிப் படம் பிடித்து மதிப்பிடலாமா என்று பார்க்கிற ஆராய்ச்சி ஒன்றைப் பற்றி வாசித்துவிட்டு வந்திருந்தாள்.

"இது மட்டும் எனக்குப் பதினாறு வயசில கிடைச்சிருந்தா, பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய் அம்மாவின்ர கையில குடுத்திருப்பன்" என்றாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அவளுக்கு ஏ.எல். படிக்கிற காலத்தில் மாதத்தில் பத்து நாள் போய்விடும். நித்திரை வராது, மார்பு நோகும், கொப்பியைத் திறந்தால் அழுகை வரும், இரத்தம் வந்து இரண்டாம் நாள் எல்லாம் கழுவி விட்டமாதிரிப் போய்விடும். வீட்டில் அதற்குப் பேர் "படிக்கக் கள்ளம்". ஒருநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே இருந்த டொக்டர் ரிப்போட்டுகளைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நோர்மல் தங்கச்சி, கலியாணம் கட்டினா சரியாகிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த "எல்லாம் நோர்மல்" என்ற வார்த்தைதான் அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை. அதனால்தான் அந்தச் சிவப்பும் நீலமும் அவளுக்கு ஒரு சாட்சி மாதிரித் தெரிந்தது.

அவளுடைய கோபம் எங்களுக்கு விளங்குகிறது. ஆனாலும் எங்களில் பெரும்பாலானோருக்கு அந்தக் கமராவில் நம்பிக்கை வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறோம். அவள் இதற்கு இன்னும் உடன்படவில்லை என்பதையும் இப்பவே சொல்லிவிடுகிறோம்.

முதலில் எதைப் பற்றிக் கதைக்கிறோம் என்று தெளிவாக இருக்கவேணும். பீ.எம்.எஸ். என்றால் வயிற்றுக்குத்து இல்லை. வயிற்றுக்குத்து இரத்தம் வருகிற நாட்களில் வருவது, அது வேறு கதை. இது அதற்கு முந்திய ஒரு கிழமை, சிலருக்கு இரண்டு கிழமை. வயிறு ஊதும், தலையிடிக்கும், இனிப்புக்கு வாய் அலையும், சின்ன விசயத்துக்கெல்லாம் எரிச்சல் வரும், காரணமே இல்லாமல் மனம் உடையும். இரத்தம் தொடங்கி ஒன்றிரண்டு நாளில் விட்டுப்போய்விடும். லேசாக ஏதோ ஒன்று கனபேருக்கு இருக்கும். நூறில் சிலருக்கு மட்டும் அது வாழ்க்கையையே குழப்புகிற அளவுக்குப் போகும். அந்தக் கடும் வடிவத்துக்கு பீ.எம்.டி.டி. என்று தனிப்பேர் இருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013இல்தான் அதை முழு நோயாக ஏற்றுக்கொண்டது. உலக சுகாதார அமைப்பின் புதிய நோய்ப் பட்டியலோ அதைப் பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகளோடு சேர்ந்த நோய்களின் கீழ் போட்டுவிட்டு, மனச்சோர்வுப் பகுதியிலும் ஒரு குறிப்பு வைத்திருக்கிறது. உடம்பா மனமா என்று பெரிய புத்தகங்களுக்கே ஒரு முடிவு இல்லை.

எங்கட ஊரில் அந்த நாட்களுக்கு ஒரு பேரும் இல்லை. இரத்தம் வந்த பிறகு எத்தனையோ பேர் இருக்கு: துடக்கு, சுகமில்லை, மாதவிலக்கு, பீரியட்ஸ். சாமிப் படத்தைத் தொடாதே, கிணற்றடிக்குப் போகாதே என்று சட்டம்கூட இருக்கு. அதற்கு முந்திய கிழமைக்கு? "முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறாள்." "விசர் பிடிச்சமாதிரிக் கத்துறாள்." அவ்வளவுதான். பேர் இல்லாத ஒன்றை நம்பவைக்கப் படம் தேவைப்படுவதில் என்ன ஆச்சரியம்?

சரி, கமராவுக்கு வருவம். இது எங்களுக்குப் புதிதில்லை. கொரோனாக் காலத்தில் கடை வாசலில் நிற்கிறவர் நெற்றியில் ஒரு துவக்கு மாதிரி நீட்டுவாரே, அதன் பெரிய அண்ணன்தான் இது. சூடான எதுவும் கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் கதிரை விட்டுக்கொண்டே இருக்கும். எங்கட தோலும் விடும். கமரா அதைப் பிடித்து, இந்தச் சூட்டுக்கு இந்த நிறம் என்று கணினியால் தீட்டித் தரும். தொடத் தேவையில்லை, ஊசி இல்லை, எக்ஸ்றே மாதிரிக் கதிராபத்தும் இல்லை. இதெல்லாம் உண்மையில் நல்ல விசயங்கள்தான்.

ஆனால் அந்தத் துவக்கு எங்களில் எத்தனை பேருக்கு 31 பாகை என்று காட்டியது என்று நினைத்துப் பாருங்கோ. அந்தக் கணக்கில் நாங்கள் மயங்கி விழுந்திருக்கவேணும். மழையில் நனைந்து வந்தால் ஒரு எண், வெயிலில் சைக்கிள் ஓடி வந்தால் இன்னொரு எண். காவலாளியும் அதைச் சிரிக்காமல் சீ.ஆர். கொப்பியில் எழுதி வைப்பார். அந்தத் துவக்கு பார்த்தது தோலின் சூட்டை. தோலுக்குக் கீழே எவ்வளவு இரத்தம் ஓடுகிறது என்பதைப் பொறுத்து அது நிமிசத்துக்கு நிமிசம் மாறும். ஆஸ்பத்திரித் தரமான கமரா ஒரு பாகையின் நூறில் சில பங்கைக்கூடப் பிரித்துக் காட்டும். ஆனால் அதுவும் தோலைத்தான் பார்க்கிறது. கருப்பையும் சூலகமும் மூளையும் அதற்குத் தெரியாது. வயிற்றில் கொழுப்பு கொஞ்சம் கூடினாலே மேல்தோல் குளிர்ந்து தெரியும். அதனால்தான் முறையாகச் செய்கிறவர்கள் ஆளைச் சூடு மாறாத அறையில் கால் மணித்தியாலமாவது இருத்தி வைத்து, தேத்தண்ணி குடிச்சனீங்களா, சிகரெட் பத்தினீங்களா, கிறீம் பூசினீங்களா என்றெல்லாம் கேட்டுவிட்டுத்தான் படம் எடுப்பார்கள். எங்கட கிளினிக்குகளில் தலைக்கு மேல் சுற்றுகிற மின்விசிறிக்கே படம் மாறிப்போகும்.

இன்னொன்றும் இருக்கு. ஒரு மனிசருக்குப் பதற்றம் வந்தால் மூக்கு நுனியும் விரல்களும் குளிரும். இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் வருகிற விளைவு அது, வெப்பக் கமராவில் வடிவாகத் தெரியும். தெரியாத ஒரு ஆளுக்கு முன்னால், வயிறு தெரிய உடுப்பை விலக்கிக்கொண்டு, ஒரு பெட்டை கால் மணித்தியாலம் இருக்கவேணும் என்றால் அவளுக்குப் பதற்றம் வராதா? பிறகு படத்தில் தெரிவது பீ.எம்.எஸ்.ஸா, அந்த அறையா?

இதெல்லாம் சின்னப் பிரச்சினைகள். ஏசி பூட்டி, பெண் தொழில்நுட்பவியலாளர் ஒருவரை வைத்து, அரைவாசியைச் சரிக்கட்டலாம். பெரிய பிரச்சினை உயிரியலில் இருக்கிறது. சூலகத்தில் இருந்து முட்டை வெளியேறின பிறகு புரோஜெஸ்தரோன் ஓமோன் கூடும். அது மூளையில் உடம்பின் சூட்டை நிர்ணயிக்கிற இடத்தையே கொஞ்சம் மேலே தள்ளும். விடியப்பறம் எழும்பின உடனே சூட்டைப் பார்த்தால் 0.3 முதல் 0.5 பாகை வரை கூடியிருக்கும். மாதவிடாய் வரும்போது திரும்ப இறங்கும். பிள்ளை வேணும் என்று நினைக்கிறவர்கள் தர்மாமீற்றரும் கொப்பியும் வைத்துக் குறிப்பது இதைத்தான். ஆக, பீ.எம்.எஸ். வருகிற அதே நாட்களில் உடம்பு கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். ஆனால் யாருக்கு? முட்டை வெளியேறுகிற எல்லாருக்கும்! பீ.எம்.எஸ். இருக்கிறவளுக்கும் கூடும், ஒரு கரைச்சலும் இல்லாமல் சிரித்துக்கொண்டு திரிகிறவளுக்கும் கூடும்.

அப்ப, பீ.எம்.எஸ். இருக்கிற பெண்களை அந்த நாட்களில் மட்டும் படம் எடுத்து, "பாருங்கோ, சூடு கூடியிருக்கு" என்று சொன்னால், அது கண்டுபிடித்தது மாதத்தின் பின்பாதியைத்தான். கலண்டரைப் பார்த்தே அதைச் சொல்லிவிடலாம். நம்பவேணும் என்றால் ஒரே பெண்ணை மாதத்தின் முன்பாதியிலும் பின்பாதியிலும் எடுக்கவேணும், தொல்லை இல்லாத பெண்களையும் அதேமாதிரி இரண்டு தரம் எடுக்கவேணும், பிறகு படத்தை வாசிக்கிறவருக்கு எது யாருடையது என்று தெரியாமல் வைத்துப் பார்க்கவேணும். இனி யாராவது இப்படி ஒரு செய்தியைப் பகிர்ந்தால், நிறங்களைப் பார்க்க முதல் இதைக் கேளுங்கோ: தொல்லை இல்லாத பெண்களை எத்தனை தரம் படம் எடுத்தவை?

இன்னும் ஆழமாக ஒரு விசயம். பீ.எம்.எஸ். இருக்கிறவர்களின் இரத்தத்தில் ஓமோன் அளவு மற்றவர்களைவிட வித்தியாசமாக இருப்பதில்லை. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்து ஆய்வாளர்கள் 1998இல் ஒரு முக்கியமான பரிசோதனையை வெளியிட்டார்கள். முதலில் மருந்து கொடுத்துச் சூலகத்தின் வேலையை நிறுத்தினார்கள்; தொல்லை இருந்த பெண்களில் கனபேருக்கு அது குறைந்தது. பிறகு ஈஸ்திரஜனையோ புரோஜெஸ்தரோனையோ திரும்பச் சேர்த்தார்கள். அவர்களுக்குத் தொல்லை திரும்ப வந்தது. அதே ஓமோனை அதே மாதிரிக் கொடுத்தும், முன்பு தொல்லை இல்லாத பெண்களுக்கு மனநிலையில் ஒன்றும் நடக்கவில்லை. அதாவது சாதாரண ஓமோனைச் சில மூளைகள் வேறு மாதிரி உணர்கின்றன. எங்கட தோழியிடம் அந்த டொக்டர் சொன்ன "எல்லாம் நோர்மல்" அந்தளவில் பொய் இல்லை. ரிப்போட் நோர்மல்தான், அவளுடைய கஷ்டமும் உண்மைதான், இரண்டும் ஒன்றாக இருக்கலாம். இதை அன்றைக்கு அவளுக்கு ஒருவர் சொல்லியிருந்தால் போதும். அதற்கு இரண்டு நிமிசம் செலவாகியிருக்கும், கமராவே தேவைப்பட்டிராது.

வெப்பக் கமராவுக்குப் பெண் உடம்போடு ஒரு பழைய கணக்கும் இருக்கு. 1956இல் மொன்றியலில் ரே லோசன் என்ற மருத்துவர் மார்புப் புற்றுநோய்க் கட்டிக்கு மேலே தோல் சூடாக இருப்பதைக் கவனித்து எழுதினார். பெரிய எதிர்பார்ப்பு. எழுபதுகளில் அமெரிக்காவில் நடந்த மாபெரும் மார்புப் பரிசோதனைத் திட்டத்தில் இதையும் சேர்த்தார்கள். போதுமான அளவு புற்றுநோய்களை அது பிடிக்கவில்லை என்று இடையிலேயே கைவிட்டார்கள். அத்தோடு முடிந்ததா? இல்லை. வலியில்லாத பரிசோதனை, கதிர் இல்லாத பரிசோதனை என்று விளம்பரம் போட்டுத் தனியார் நிலையங்கள் தொடர்ந்து விற்றன. மமோகிராமுக்கு இது மாற்று இல்லை என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2011இலும், பிறகு 2019இலும் திரும்பத் திரும்ப எச்சரிக்கவேண்டி வந்தது. படம் அழகாக இருந்தால் ஆதாரம் பலமில்லாவிட்டாலும் சந்தை இருக்கும். நாளைக்கு இங்கேயும் ஒரு தனியார் நிலையத்தின் பதாகையில் "பீ.எம்.எஸ். ஸ்கான்" என்று வராது என்று யாரும் உறுதியாகச் சொல்லமுடியாது.

எங்கட சண்டையில் உச்சமான இடம் இதுதான். ஒருத்தன் கேட்டான்: "சரி, கமரா சொல்லுறது சரியோ பிழையோ எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? எதோட ஒப்பிடுறது?" விடை: அந்தப் பெண் நிரப்பின கேள்விக்கொத்தோடு. அவளுடைய சொல்லோடு! வேறு அளவுகோல் கிடையாது. கமரா அவள் சொன்னதோடு ஒத்துப்போனால் கமரா சரி. ஒத்துப்போகாவிட்டால், ஆய்வுகூடத்தில் கமரா பிழை. ஆனால் ஊருக்குள் வந்த பிறகு அவள் பொய். அந்த இரண்டாவதுதான் எங்களுக்குப் பயம். படம் சிவப்பாக வராத ஒருத்தி என்ன செய்வாள்? இவ்வளவு நாளும் அம்மா மட்டும்தான் நம்பவில்லை, இனி மெசினும் நம்பவில்லை என்று ஆகிவிடும்.

இதை வேலைத்தளத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கோ. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கட்டுநாயக்காவிலும் ஆடைத் தொழிற்சாலைகளில் மணித்தியாலத்துக்கு இத்தனை துண்டு என்று இலக்கு வைத்துத் தைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். மலையகத்தில் குறித்த கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப் பேர்தான் போடுவார்கள். அங்கே ஒரு பெண் "இண்டைக்கு ஏலாது" என்று சொன்னால், இப்போது அவளுடைய வாயும் மேற்பார்வையாளரின் மனமும்தான் நடுவில் இருக்கு. அந்த இடத்தில் ஒரு கமராவை நிறுத்தினால் அது அவளுக்குச் சாட்சி சொல்லுமா, முதலாளிக்குக் காவல் நிற்குமா? எங்களுக்கு இதில் பெரிய சந்தேகம் ஒன்றும் இல்லை.

1931இல் நியூயோர்க்கில் ரொபேட் ஃபிராங்க் என்ற மருத்துவர்தான் இந்தத் தொல்லைக்கு முதன்முதலில் மருத்துவப் பேர் வைத்தவர். மாதவிடாய்க்கு முந்திய இறுக்கம் என்ற பொருளில். அவருக்கும் மெசினில்தான் நம்பிக்கை. கடுமையாகப் பாதிக்கப்பட்ட சிலருக்குச் சூலகத்தின்மேல் எக்ஸ்றே கதிர் பாய்ச்சும்படி எழுதினார். நம்பினதும் ஆபத்தாக முடிகிற இடங்கள் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறோம். 2000இல் எலி லில்லி கொம்பனி தன்னுடைய பழைய புரொசாக் மருந்தையே றோஸும் ஊதாவுமான குளிசையாக்கி, சாரஃபெம் என்று புதுப்பேர் வைத்து, இந்த நோய்க்கென்று விற்றது. அந்த மருந்து வேலை செய்யும் என்பதும் உண்மை. மனச்சோர்வுக்குக் கிழமைக்கணக்கில் எடுக்கிற அந்த வகை மருந்துகள் இதற்குச் சில நாட்களிலேயே கேட்கும், சிலருக்கு மாதத்தின் பின்பாதியில் மட்டும் எடுத்தாலே போதும். இதை டொக்டரோடு கதைத்துத்தான் செய்யவேணும். ஆனால் இப்படி ஒரு வழி இருக்கு என்பதே எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கண்டுபிடிப்பதற்கு இன்றைக்கு உலகம் ஏற்றுக்கொண்ட வழி என்ன தெரியுமா? கொப்பி. இரண்டு மாதவிடாய்ச் சுற்றுக்கு, ஒவ்வொரு நாளும் இரவில், எரிச்சல் எவ்வளவு, நித்திரை எப்படி, வேலை குழம்பினதா என்று ஒன்றிலிருந்து ஆறு வரை புள்ளி போடவேணும். ஞாபகத்தில் இருந்து எழுதினால் பிழைத்துப்போகும், அன்றன்றைக்கு எழுதவேணும். எங்களில் மூன்று பேர் செய்து பார்த்தோம். ஒருத்திக்கு, அந்தப் படத்தைக் காட்டினவளுக்குத்தான், இரண்டு மாதமும் ஒரே கோடு: பதினேழாம் நாளில் ஏறி, இருபத்தெட்டில் விழுந்தது. இன்னொருத்திக்கு மாதம் முழுக்க ஒரே உயரம். அவள் இவ்வளவு காலமும் பீ.எம்.எஸ். என்று நினைத்தது அது இல்லைப்போல. இப்போது வேறு ஒரு வைத்தியரைப் பார்க்கிறாள், இரத்தச்சோகைக்கும் தைரொயிட்டுக்கும் பரிசோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது ஆள் பன்னிரண்டாம் நாள் கொப்பியைத் தொலைத்துவிட்டாள். அதுவும் நடக்கும்.

கொப்பிக்கு நூறு ரூபா. மருத்துவத் தரமான வெப்பக் கமரா ஆயிரக்கணக்கான டொலர். 2018 வரை இறக்குமதிப் பாட்டுக்கு நூறு சதவீதத்துக்கு மேல் வரி போட்ட நாடு இது. எதற்கு முதலில் காசைச் செலவழிக்கவேணும் என்று இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

ஒன்றை மறைக்க விருப்பமில்லை. இவ்வளவும் எழுதுகிற நாங்களே போன வருசம் ஒரு கூட்டத்தில், நிகழ்வுக் கணக்கு பிழைத்ததைப் பற்றி ஒருத்தி கத்தினபோது, "என்ன, அந்த நாளா?" என்று கேட்டிருக்கிறோம். கேட்டது ஒரு பெடியன். சிரித்தது எல்லாரும், பெட்டையளும் சேர்த்து. அவள் சொன்ன கணக்குப் பிழை உண்மையாகவே பிழை, இரண்டு கிழமைக்குப் பிறகுதான் கண்டுபிடித்தோம். அவளுக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் எங்கட கணக்கு, அவளுடைய ஓமோன் இல்லை. அன்றைக்கு ஒரு கமரா இருந்திருந்தால் நாங்கள் அதை எதற்குப் பாவித்திருப்போம் என்று நினைக்கவே வெட்கமாக இருக்கு. அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். "கணக்கை முதல் சரிபண்ணுங்கோ" என்று சொல்லிவிட்டாள்.

ஆராய்ச்சி செய்யவேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பெண்களின் இந்தத் தொல்லைகளைப் பற்றி யாரோ ஆய்வுகூடத்தில் இருந்து யோசிக்கிறார்கள் என்பதே பெரிய விசயம். ஒழுங்காக, இரண்டு பாதியிலும், தொல்லை இல்லாதவர்களோடும் ஒப்பிட்டுச் செய்யட்டும். வாசிக்க நாங்கள் தயார்.

இதை எழுதி முடித்து அவளுக்கு வாசித்துக் காட்டினோம். முழுக்கக் கேட்டாள். "எல்லாம் சரி. ஆனா கொப்பியை அம்மாவுக்குக் காட்டினன். வாசிச்சுப்போட்டு, 'இதெல்லாம் நீ எழுதினதுதானே' எண்டு கேக்கிறா" என்றாள்.

அதற்கு எங்களிடம் அன்றைக்குப் பதில் இருக்கவில்லை. அடுத்த கிழமை அவளுடைய வீட்டுக்குப் போகிறோம். அம்மா கத்தரிக்காய்ப் பால்கறி வைக்கிறாவாம்.